எழுபதாவது பெருநாள்

நில அளவை அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் வெயிலில் சங்கிலி பிடித்துக் கறுத்துப்போன மனிதர் அவர். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சர்வேயர் என்றால் போதும். அண்ணனும் தம்பியும் ஒரு முழ நிலத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்துக்குப் போவார், புதைந்த கல்லைத் தேடி எடுப்பார், அளப்பார், இதுதான் எல்லை என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுவார். பின்னால் இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டுவார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை இருக்கும்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில் இருந்தார். அக்கா முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்தாள். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று தெரிந்த மாதம், வேலை தேடிவிட்டு வருகிறேன் என்று போனார் அக்காவின் கணவர். போனவர் போனவர்தான். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐந்தே முக்கால் வயது. ஓர் இடத்தில் நில்லாத பிள்ளை என்பதால் வாலு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். "அவளுக்குக் கேக்கவா போகுது, எந்தப் பேரா இருந்தா என்ன" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு, அன்று முழுக்க அக்கா சாப்பிடவில்லை. மெஷின் ஓடும்போது வாலு அதன் பலகையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த அதிர்வு அவளுக்குப் பிடிக்கும். அக்கா வேலை இல்லாத நேரத்திலும் அவளுக்காக வெறும் மெஷினை மிதிப்பாள்.

சபைக்கு அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் காதுதான். முதலில் அக்கா போனாள். அக்காவைத் தனியாக விட மனமில்லாமல் தம்பியும் போனார். டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு நீளமான கூடம், அறுபது குடும்பங்கள், எப்போதும் கொஞ்சம் ரப்பர் வாடை. சபையை ஆரம்பித்து வைத்தவர் செத்துப்போய்ப் பல காலம். ஆனால் அவர் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. எழுபது பெருநாள் முடிந்த நாற்பதாம் நாள் உச்சிப்பொழுதில் இந்த உலகம் முடியும், கேளாத காதுக்கும் அன்று என் குரல் கேட்கும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை அக்கா ஒரு துண்டுத் துணியில் நூலால் தைத்து மெஷினுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தாள்.

சபைக்காரர்களுக்குப் பிறந்தநாள் கிடையாது, புத்தாண்டு கிடையாது, ஊரார் கொண்டாடும் எந்த விசேஷமும் கிடையாது. வருஷத்தில் ஒரே ஒரு பெருநாள். வெள்ளை உடுத்தி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி பகிர்ந்து சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு நாளையும் நிம்மதியாகக் கொண்டாட அவர்களுக்குக் கொடுப்பினை இல்லை. பௌர்ணமியைப் பார்த்துத்தான் கொண்டாட வேண்டும் என்று ஒரு கட்சி. இல்லை, ஆரம்பித்தவர் குறித்த தேதியில்தான் கொண்டாட வேண்டும் என்று இன்னொரு கட்சி. பௌர்ணமிக்காரர், தேதிக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. சபையின் பெரியவர் பௌர்ணமிக்காரர். தேதிக்காரர்களுக்குத் தலைவர், பெருநாளுக்கு ரொட்டி போட்டுத்தரும் பேக்கரிக்காரர். அவர் ரொட்டியைப் பௌர்ணமியன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நாள் தப்பு, ஆனா ரொட்டி தப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பும் குரல். அவர்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்வேயரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நிலத்தை அளக்கிறே, காலத்தை அளக்க மாட்டியா? இதுவரைக்கும் எத்தனை பெருநாள் ஆயிருக்குன்னு எவனுக்கும் தெரியாது தம்பி. நீ எண்ணிச் சொல்லு" என்றார். ஒரு சாக்கு நிறையப் பழைய குறிப்பேடுகள் வந்தன. சிலதில் பூச்சி அரித்திருந்தது, சிலதில் பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. ஆபீஸ் முடிந்து வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெருநாளாகத் தேடி எடுத்து, காணாத வருஷத்துக்குச் சாட்சி தேடி அலைந்து, கடைசியில் சொன்னார்: இந்த வருஷம் வருவது எழுபதாவது.

அன்று கூடத்தில் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவருடைய கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பதினெட்டு வருஷத்தில் அவர் சொன்ன அளவை ஒருவரும் சண்டை போடாமல் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவர் உள்ளே நுழைந்தால் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அது தனக்குப் பிடித்திருந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பெருநாள் வந்தது, போனது. பௌர்ணமிப்படி கொண்டாடினார்கள். அதிலிருந்து நாற்பதாம் நாள், அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி என்று விழுந்தது. ஒருவர் வேலையை விட்டார். முடிதிருத்துகிறவர் கடை நாற்காலியை இனாமாகத் தூக்கிக் கொடுத்தார். ஒரு வீட்டில் நிச்சயமான கல்யாணம் நின்றது.

அந்தச் சமயம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிப்போட்டிருந்தார்கள். இலவசத் திட்டம், ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். இப்போது வாலுவின் முறை. பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையை வெறும் வயிற்றோடு அழைத்து வர வேண்டும்.

அக்கா கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னடா பண்றது?"

"பன்னெண்டுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவுல பதினாறே நாள் அக்கா. பிள்ளைக்கு மொட்டை அடிச்சு, மண்டையில துளை போட்டு, கட்டோட படுக்க வச்சு... தையல் பிரிச்சு அந்தக் கருவியைப் போட்டுப் பார்க்கிறதுக்கே ஒரு மாசம் ஆகும்பாங்க. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். எதுக்கு அவளை வதைக்கணும்?"

"வாஸ்தவந்தான்." அவள் கடிதத்தை மறுபடி பார்த்தாள். "உன் கணக்கு தப்பாதே?"

"ரெண்டு வருஷம் அளந்திருக்கேன்."

அக்கா கடிதத்தை நான்காக மடித்து, பட்டனும் ஊசியும் போட்டுவைக்கும் மெஷின் டிராயரில் வைத்து மூடினாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை. பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. கத்தி வைக்க வேண்டாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று அவளும் காத்திருந்திருப்பாள்.

பத்தாம் தேதி மத்தியானம் பேக்கரிக்காரர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு பழைய நோட்டு.

"எங்கப்பா எழுதி வச்சது சர்வேயரே. பழைய பெட்டியைக் கிளறினேன், கிடைச்சுது. ஒவ்வொரு பெருநாளுக்கும் எத்தனை ரொட்டி போட்டார்னு எழுதியிருக்கார். அந்தக் காலத்துலயே தேதிப்படி நடந்திருக்கு, பாருங்க. பெரியவர் என் பேச்சைக் கேக்க மாட்டார். நீங்க எடுத்துச் சொன்னா கேப்பார். கடைசிப் பெருநாளையும் தப்பான நாள்ல முடிச்சுட்டோமேன்னு எனக்கு வயிறு எரியுது."

நோட்டை மேசையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். சர்வேயர் மரியாதைக்குத்தான் புரட்டினார். நடுவில் ஒரு பக்கத்தில் கை நின்றது. ஒரே வருஷத்தில் இரண்டு பெருநாள். பௌர்ணமிக்காரர்களுக்கு நாற்பது ரொட்டி. பதினோரு நாள் தள்ளி, தேதிக்காரர்களுக்கு முப்பத்தாறு ரொட்டி. கீழே சிறிய எழுத்தில், 'இந்த வருஷம் பேச்சுவார்த்தை இல்லை, தனித்தனியாகக் கூடினார்கள்.'

பையிலிருந்து தன் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய பட்டியலில் அந்த இரண்டும் அடுத்தடுத்த இரண்டு வருஷங்கள். சண்டையில் பிரிந்துபோன இரண்டு கட்சியும் தனித்தனிக் குறிப்பேடு வைத்திருந்திருக்கிறார்கள். ஒன்று வழக்கமான ஆண்டுக் கணக்கு, இன்னொன்று சபை ஆரம்பித்ததிலிருந்து எண்ணிய கணக்கு. அதை ஆண்டுக் கணக்குக்கு மாற்றி எழுதும்போது ஒரு வருஷம் தள்ளி விழுந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்து மனைகளை அளக்கும்போது நடுவிலிருக்கும் ஒரே கல்லை இரண்டு தடவை எண்ணுவது, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் செய்கிற தப்பு.

நான்கு தடவை எண்ணினார். நான்கு தடவையும் அறுபத்தொன்பதுதான் வந்தது.

அலுவலகத்திலிருந்து நேரே பெரியவர் வீட்டுக்குப் போனார். பெரியவர் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார். சொன்னதை எல்லாம் நிதானமாகக் கேட்டார். நோட்டைக் கையில் வாங்கவில்லை.

"தம்பி, வண்டி கிளம்பியாச்சு. இறக்கத்துல போய்க்கிட்டிருக்கு. இப்ப சடார்னு பிரேக் அடிச்சா உள்ள இருக்கிறவன் அத்தனை பேரும் முன்னாடி வந்து விழுவான்."

"கணக்கு தப்புன்னு தெரிஞ்சும் எப்படிங்க..."

"நேத்து வரைக்கும் சரின்னு சொன்னே. இன்னைக்குத் தப்புங்கிறே. நாளைக்கு என்ன சொல்வியோ? பதினெட்டு நாள்தானே, பொறு. வந்தா எல்லாருக்கும் நல்லது. வரலேன்னா அப்ப சொல்லிக்கலாம்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலச் சர்வேயருக்குத் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று அவரே விரும்பினார் என்று சொன்னாலும் தப்பில்லை. ஒரு தடவை தப்பாக எண்ணியவன் இன்னொரு தடவையும் தப்பாக எண்ணலாமே? கல்யாணத்தை நிறுத்திய தகப்பன் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் வீட்டுக்கு நடக்க நடக்க ஒரே ஒரு தேதிதான் மண்டைக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. அது இருபத்தெட்டு அல்ல, பன்னிரண்டு.

மறுநாள் சாயங்காலம், அக்காவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தார். அக்கா வாலுவுக்கு வெள்ளை கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சின்னச் சின்னதாக மடிப்பு வைத்து, அவசரமில்லாமல். வாலு பலகையில் கன்னத்தை வைத்திருந்தாள்.

"டேய், இவ காதுல முதல்ல என்ன சத்தம் விழும்னு நினைக்கிறே? ஆரம்பிச்சு வச்சவர் குரல்தான்னு எழுதியிருக்கு. ஆனா பக்கத்துல நான் இருப்பேன்ல? நானும் அதே நேரத்துல ஒரு தடவை கூப்பிட்டுக்கலாமா? பாவம் ஒண்ணும் இல்லையே?"

"அக்கா, நாளைக்கு ஆஸ்பத்திரில..."

"அதை விடுடா. அந்த இடம் வேற ஏதாவது பிள்ளைக்குப் போகட்டும். பாவம், அவங்களுக்கு நாள் தெரியாது இல்ல?" அவள் சிரித்தாள். ஐந்து வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பின்பக்கம் போய்விட்டார்.

பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பதே கால். அலுவலகத்தில் வரைபடத் தாளை மேசையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. விண்ணப்பத்தை நிரப்பியவர் அவர் என்பதால் அதில் அவருடைய எண்தான் இருந்தது.

"காது வார்டுலேர்ந்து பேசறேன் சார். பாப்பாவை இன்னும் கூட்டிட்டு வரலியே, வந்துட்டிருக்கீங்களா?" நர்ஸ் குரல்.

சர்வேயர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஹலோ? பத்து மணி வரைக்கும் வெச்சிருப்போம் சார். வரலேன்னா லிஸ்ட்ல அடுத்த பிள்ளை இங்கயே உக்காந்திருக்கு, அதை உள்ள அனுப்பிடுவோம். அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது. வர்றீங்களா?"

வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். தூரங்களை அளந்து பழகிய மனது அதைத் தானாகக் கணக்குப் போட்டது. நேரம் இருந்தது.

"வரலை" என்றார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா. அடுத்த பிள்ளையை அனுப்பிடுங்க."

போனை வைத்துவிட்டுத் தாளின் நான்கு மூலையையும் அழுத்தி ஒட்டினார். அன்றைக்கு அவர் வரைந்த கோடு ஒன்றுகூட நேராக வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுநாள் புதிதாக வரைந்தார்.

இருபத்தெட்டாம் தேதி வெயில் மண்டையைப் பிளந்தது. பதினொரு மணிக்கே எல்லோரும் கூடத்தின் மொட்டைமாடியில் வெள்ளை உடுத்திக் கூடிவிட்டார்கள். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். கீழே டயர் கடையில் வழக்கம்போல வேலை நடந்துகொண்டிருந்தது. அவரவர் நிழல் அவரவர் காலடிக்குள் சுருங்கச் சுருங்கப் பேச்சு குறைந்தது. பெரியவர் கையைத் தூக்கினார். கீழே யாரோ டயரில் காற்றை இறக்கிவிட்ட சத்தத்தில் அறுபது குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் உடம்பு தூக்கிப்போட்டது.

பிறகு ஒன்றும் இல்லை.

அக்கா வாலுவுக்குப் பின்னால் முட்டி போட்டிருந்தாள். "வாலு" என்று கூப்பிட்டாள். பிள்ளை திரும்பினாள்.

"திரும்பிட்டா! ஐயோ, என் பிள்ளை திரும்பிட்டா!" அக்கா போட்ட கூச்சலில் மாடியே எழுந்து நின்றது. பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பெரியவர் இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டினார். அந்த ஒரு நிமிஷம் தன் கணக்குதான் சரி, பேக்கரிக்காரரின் நோட்டுதான் தப்பு என்று சர்வேயர் முழு மனதாக நம்பினார். வாழ்க்கையில் அதைப்போல ஒரு சந்தோஷம் அவருக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரப்போவதில்லை.

அக்கா பிள்ளையை மறுபடி அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தி, மறுபடி கூப்பிட்டாள். வாலு திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். கையைத் தட்டினாள். பக்கத்திலிருந்த நாற்காலியை எடுத்துத் தரையில் அடித்தாள். தரையில் அடித்தது காலில் அதிர்ந்தபோது பிள்ளை குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு வெயில் பொறுக்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மா பக்கம் தானாகவே திரும்பினாள். முதலில் திரும்பியதும் அதனால்தான்.

இரண்டு மணிக்கு ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். செருப்பைத் தேடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கூட்டம். உலகம் ஏன் முடியவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பெருநாளைத் தப்பான நாளில் கொண்டாடினால் நாற்பதாம் நாளும் தப்பாகத்தான் வரும் என்றார் பேக்கரிக்காரர். விலக்கின விசேஷத்தை யாரோ திருட்டுத்தனமாகக் கொண்டாடியிருக்கிறார்கள், அந்தத் தீட்டுதான் என்றார் பெரியவர். உடனே ஒருவர் எழுந்து, எதிர்வீட்டில் பிள்ளை பிறந்தநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றியதைப் போட்டுக்கொடுத்தார்.

"ஒரே ஒரு மெழுகுவத்திங்க. பிள்ளை ஆசைப்பட்டுச்சு" என்று அந்தத் தாய் அழுதாள். "உன் ஒரு மெழுகுவத்தியால உலக முடிவே நின்னுபோச்சு" என்று நாலைந்து பேர் அவள்மேல் பாய்ந்தார்கள்.

சர்வேயரால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்தார்.

"அவங்களை விடுங்க. யார் மேலயும் தப்பில்லை. நான்தான் தப்பா எண்ணிட்டேன். ஒரே வருஷத்துல ரெண்டு கட்சியும் தனித்தனியா கொண்டாடின பெருநாளை ரெண்டா கணக்கு வச்சுட்டேன். இந்த வருஷம் வந்தது எழுபது இல்லை, அறுபத்தொன்பது."

அடிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்தார். வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப எழுபது இனிமேதான் வருதா?"

"அடுத்த வருஷமா?" இன்னொரு குரல்.

"அடுத்த வருஷந்தான்!"

செத்த முகங்களில் உயிர் வந்தது. கல்யாணத்தை நிறுத்திய தகப்பன் ஓடிவந்து சர்வேயரைக் கட்டிக்கொண்டான். பெரியவர் அவர் கையைப் பிடித்து உயரத் தூக்கி, எல்லாம் முன்பே தெரிந்தவர் போலத் தலையாட்டினார். முன்பே தெரிந்தவர்தானே. பேக்கரிக்காரர் பெஞ்சின் மேல் ஏறி, "அடுத்த வருஷமாவது தேதிப்படி!" என்று கத்தினார். "பௌர்ணமிதான்!" என்றது எதிர்வரிசை. ஐந்தே நிமிஷத்தில் பழைய சண்டை பழைய இடத்திலிருந்து ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்துக்குள் அக்கா எப்படி அவர் எதிரில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் அக்கா."

"எப்ப தெரிஞ்சுதுன்னு கேட்டேன்."

"பத்தாம் தேதி."

அவள் கைவிரலை மடக்கினாள். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. மூன்றாவது விரலை மடக்கியபின் கையை அப்படியே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாலுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சர்வேயர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். அக்கா வராதே என்று சொல்லவில்லை. அவளிடம் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருந்தது. தவறவிட்ட பஸ்ஸுக்கு அடுத்த பஸ் வரும் என்பது போல.

"அன்னைக்கு வர முடியாம போச்சும்மா" என்று அவள் நர்ஸிடம் கெஞ்சினாள். "பெரிய மனசு பண்ணி வேற ஒரு நாள் குடுங்க."

நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினாள். "நாங்க போன் பண்ணினோமே. பத்து மணி வரைக்கும் வெச்சிருந்தோம். உங்க வீட்டு ஆள்தான், வரலை, அடுத்த பிள்ளையை அனுப்புங்கன்னார்." அவள் நிமிர்ந்து அக்காவுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். "நீங்கதானே சார்?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். எதையும் மறைக்காமல் சொன்னார். அடுத்த பட்டியல் எட்டு மாதம் கழித்து. அதற்குள் பிள்ளைக்கு ஆறு தாண்டிவிடும், திட்டத்தில் எடுக்க மாட்டார்கள். வெளியில் செய்துகொள்வதென்றால் அவர்கள் வீட்டை விற்றாலும் காணாது. "இப்பவே தாமதம்தாம்மா. சத்தமே கேக்காத மூளை வருஷம் போகப் போக சத்தத்தைப் புரிஞ்சுக்கிற வேலையை மறந்துடும். அதனாலதான் வயசு பாக்கிறோம்." வாலு டாக்டரின் மேசையிலிருந்த பிளாஸ்டிக் காதைக் கழற்றி, உள்ளே இருந்த சுருள் எலும்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அக்கா அவரைத் திட்டவில்லை, சாபம் விடவில்லை. கைக்கு வந்திருந்த சீருடைகளை எட்டு நாளில் தைத்து முடித்தாள். ஐந்து மணி நேரப் பயணத்தில் இருந்த ஓர் ஊரில், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் வாலுவுக்கு இடம் கேட்டு எழுதினாள். அந்தப் பள்ளி விடுதியிலேயே துணி தைக்கும் வேலையும் கிடைத்தது. ஒன்பதாம் நாள் மெஷினை வண்டியில் ஏற்றினாள். சுவரிலிருந்த துணியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, ஏதாவது சொல்லிட்டுப் போ" என்றார் அவர், வாசலில் நின்று.

"தெரியாம சொன்னே பாரு, அதை மன்னிச்சுட்டேன். எனக்கும் ஆசை, நானும் நம்பினேன். ஆனா தெரிஞ்சப்புறம் போனை எடுத்து வரலைன்னு சொன்னே பாரு..." அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள். வாலு வண்டியிலிருந்து அவருக்குக் கையாட்டினாள், சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிறவள் மாதிரி.

சபை இரண்டாகப் பிளந்தது. பௌர்ணமிக்காரர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். தேதிக்காரர்கள் பேக்கரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார்கள். அடுத்த வருஷத்துக்கு இரண்டு முடிவு நாள்கள் குறித்தாயிற்று, பதினோரு நாள் வித்தியாசத்தில். இரண்டு தரப்பும் சர்வேயரைத் தங்கள் பக்கம் வரச் சொல்லிப் பார்த்தது. அவர் எந்தப் பக்கமும் போகவில்லை. போகாததால் ஒன்றும் குறையவில்லை. அறுபத்தொன்பதோடு ஒன்றைக் கூட்டுவதற்குச் சர்வேயர் எதற்கு?

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளிக்குப் போனார். அக்கா அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விடவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, தள்ளி நின்றாள். வாலு ஓடி வந்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றவள், சட்டென்று கைகளை அசைத்து எதையோ சொன்னாள். விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடின. அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை நிறுத்தி நிதானமாகச் செய்தாள். அப்போதும் புரியவில்லை. அவர் சிரித்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

வாலுவின் முகம் மாறியது. அவரை ஓர் அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பொய்யா தலையாட்டாதே. அது அவளுக்குத் தெரிஞ்சுடும்" என்றாள் அக்கா.

"என்ன கேட்டா?"

"தினம் யார்கூட உக்காந்து சாப்பிடறேன்னு கேட்டா."

அவர் வாலுவைப் பார்த்தார். ஒருவரும் இல்லை என்பதை எந்த விரலை மடக்கி எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கைகளைத் தூக்கினார், கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்தார், மடியில் போட்டுக்கொண்டார். வாலு காத்திருந்து பார்த்தாள். தூரத்தில் பிள்ளைகள் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். அவள் அவர்களிடம் ஓடிப்போனாள்.

"இனிமே வராதேடா" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. "உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பிள்ளை இங்க பழகிட்டா."

அவர் சரி என்றார். திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே இருந்தார்.